கட்டியான தேங்காய் எண்ணெய்

மாரிக் குளிர் தொடங்கியதிலிருந்து காலையில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள்ளேயே கட்டியாகிவிடுகிறது. போன கிழமை அவசரத்தில் கொதிநீரில் வைத்து, பிளாஸ்டிக் போத்தலையே கோணலாக்கிவிட்டேன்.

இன்று விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு வந்த என் கணவர், போர்வையைச் சுற்றிக்கொண்டு கதிரையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, காய்ச்சலா?" என்றேன்.

"இல்ல புள்ள. எண்ணெய்ப் போத்தல கமக்கட்டுக்க வெச்சிரிக்கன். முடி கொட்டுது எண்டு நேத்து அழுதாய்தானே? இண்டைக்காவது எண்ணெய் வெச்சிட்டு ஸ்கூலுக்குப் படிப்பிக்கப் போ. ஈரத்தலையோட ஸ்காஃப் கட்டாத."

அவர் அக்குளிலிருந்து எடுத்த போத்தலை வாங்கிப் பார்த்தேன். பாதி உருகியிருந்தது. அவருக்குத்தான் பல் கிட்டியது.

கல்யாணத்தன்றே அரை வழுக்கை, இப்போது முழு வழுக்கை. அந்த மனிதர் என் முடிக்காக அரை மணித்தியாலம் நடுங்கியிருக்கிறார்.

உங்கள் வீடுகளில் எண்ணெயை எப்படி உருக்குகிறீர்கள்? போர்வை சுற்றிய எங்கள் வீட்டு அடுப்பை மட்டும் இரவல் கேட்காதீர்கள்.