எப்சிபாவின் மூன்றாவது கலுங்கு

அன்றைக்குக் காலையிலிருந்தே எப்சிபாவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கேரளத்து மலைப் பஞ்சாயத்து ஒன்றில் ஓவர்சியர் வேலை. ரோடு, ஓடை, அங்கன்வாடிக் கூரை, பொதுக் கக்கூஸ், எதைக் கட்டினாலும் அளந்து வரைந்து எஸ்டிமேட் போட்டு அடியில் கையெழுத்துப் போடுகிறவள் அவள்தான். குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்துக் கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் பிறந்து, பாலிடெக்னிக் படித்து, பன்னிரண்டு வருஷமாக இந்த வேலையில் குப்பை கொட்டுகிறாள். ஊர்க் கூரையெல்லாம் ஒழுகாமல் பார்க்கிறவள் சொந்த அடுக்களையில் சட்டி வைத்து மழைத்தண்ணி பிடிக்கிறாள் என்று மாமியார் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது.

பைக்குள் ஒரு எஸ்டிமேட் கிடந்தது. மேல்லயத்துக்குப் போகிற ரோட்டில் ஓடை குறுக்கிடும் இடத்தில் ஒரு கலுங்கு. கலுங்கு என்றால் அந்தப் பக்கத்து ஆபீஸ் பேச்சில் ரோட்டுக்கு அடியில் குழாய் பதித்துத் தண்ணீரைக் கடத்திவிடுகிற சின்னப் பாலம். அதே இடத்தில் ஏற்கெனவே இரண்டு தடவை கட்டியாயிற்று. இரண்டையும் வரைந்தவள் எப்சிபா. இரண்டையும் மழை வாரிக்கொண்டு போயிற்று. போன வருஷம் பதினோரு நாள் மேல்லயத்துக்கு ஜீப் ஏறவில்லை. பிரசவ வலி கண்ட பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். "ஓவர்சியரம்மா வேலை ஓவரா ஓடிப்போச்சு" என்று ஜீப் ஸ்டாண்டில் இன்றைக்கும் சிரிக்கிறார்கள்.

மூன்றாவதும் அதே குழாய்தான், கொஞ்சம் பெரிசு. நாலு மணிக்குள் அசிஸ்டென்ட் இன்ஜினியர் மேஜைக்குப் போகாவிட்டால் இந்த வருஷத் திட்டத்திலிருந்து விழுந்துவிடும். கையெழுத்து மட்டும் பாக்கி. பேனாவைத் திறப்பாள், மூடுவாள்.

இந்த லட்சணத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கிளாஸ் எடுக்க வேறு ஒப்புக்கொண்டிருந்தாள். ஒன்பதும் பத்தும் படிக்கிற பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங் என்றால் என்னவென்று சொல்ல வேண்டுமாம். ஹெச்.எம். ஆன்மேரி டீச்சர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஒரு மணி நேரந்தான் எப்சிபா. ஆசை வர்ற மாதிரி நாலு வார்த்தை சொல்லுங்க."

"ஆசை வர்ற மாதிரியா? என் பூட்ஸப் பாத்தீங்களா டீச்சர்?"

முழங்கால் வரைக்கும் சேறு. டீச்சர் சிரித்துக்கொண்டே உள்ளே தள்ளிவிட்டார்.

ஆபீஸிலிருந்து பென்டிரைவில் படமெல்லாம் போட்டுக் கொடுத்திருந்தார்கள்: கண்ணாடிக் கட்டடம், வெள்ளைத் தொப்பி, பளபளப்பான சிரிப்பு. போடலாம் என்று போனால் கரண்ட் இல்லை. நல்லதாய்ப் போயிற்று என்று சாக்பீஸை எடுத்தாள்.

"இன்ஜினியர்னா யாருப்பா?"

மேல்லயத்து ரிஜின் கையைத் தூக்கினான். "ஏ.சி. ரூம்ல கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டே இருப்பாங்க மேடம்."

"அவங்களும் உண்டு. என்னைய மாதிரி ஓடையில எறங்கித் திட்டு வாங்குறவங்களும் உண்டு. பத்து முடிச்சா மூணு வருசம் டிப்ளமா. பிளஸ் டூ முடிச்சா நாலு வருசம் பி.டெக். டிப்ளமா முடிச்சிட்டு பி.டெக் ரெண்டாம் வருசத்துல சேர்றதும் நடக்கும்."

"கணக்கு வரணுமா மேடம்?"

"வர்ற வரைக்கும் போடணும். எனக்கு ஒம்பதாங் கிளாஸ்ல வரல. அப்பறம் வந்துச்சு. பயந்து ஓடாதீங்க, அவ்வளவுதான்."

ஜன்னலுக்கு வெளியே மழை வலுத்தது. மணி இரண்டே கால். அவளுக்குக் கால் நிலைகொள்ளவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல், மனசில் உறுத்திக்கொண்டிருந்ததையே போர்டில் வரைந்துவிட்டாள். ரோடு ஒன்று, குறுக்கே ஓடை ஒன்று.

"இதான் மேல்லயத்து ரோடு. இந்த எடத்துல ஒரு கலுங்கு வரைங்க. பத்து நிமிசம்."

எல்லாரும் மளமளவென்று வரைந்தார்கள். ரோட்டுக்கு அடியில் ஒரு வட்டம், சிலருக்கு இரண்டு வட்டம். ரிஜின் குழாய்க்குள் ஒரு நண்டு வரைந்திருந்தான். கடைசி பெஞ்சில் கௌமாரி. கம்பம் பக்கத்திலிருந்து இந்த வருஷந்தான் அப்பா அம்மாவோடு தோட்டத்துக்கு வந்த பிள்ளை. அவள் நோட்டில் குழாயே இல்லை. ரோடு நடுவில் பள்ளமாக இறங்கி ஏறியது. அந்தப் பள்ளத்தின் மேலே தண்ணீர் வழிந்து போனது.

"இது என்னத்தா?"

"கலுங்கு மேடம்."

ரிஜின் எட்டிப் பார்த்தான். "மேடம், கம்பத்துக்காரி ரோட்டு மேலயே கண்மாயக் கட்டிட்டா!"

கிளாஸே கொல்லென்று சிரித்தது. கௌமாரி நோட்டை மூடப் போனாள். "எங்க ஊர்க் கண்மாயில கலுங்குன்னா இதான் மேடம். ரொம்பிருச்சுன்னா கல்லு மேல வழியும். இங்க வேறயா?"

இங்கே வேறுதான். தப்பாகப் புரிந்துகொண்டாய் என்று சொல்லத்தான் எப்சிபா வாயைத் திறந்தாள். அதை விட்டுவிட்டு நோட்டைக் கையில் வாங்கினாள்.

"சருகும் கட்டையும் உருண்டு வந்தா?"

"மேலயே போயிரும். அடைக்கிறதுக்கு என்ன இருக்கு?"

"அந்தாண்ட விழுற தண்ணி மண்ண அரிக்காதா?"

"எங்கூர்ல பெரிய பெரிய கல்லாப் பாவிருக்காங்க மேடம். அது மேல விழும்."

"ஜீப்பு?"

"தண்ணிக்குள்ள மெதுவாப் போகட்டும். எங்க கலுங்கு மேல டிராக்டரே போகும்."

எப்சிபா சட்டென்று ரிஜின் பக்கம் திரும்பினாள். "எலே, மேல்லயத்துக்காரா. பெருமழையில அந்த எடத்துல எவ்வளவு நேரம் தண்ணி நிக்கும்?"

சிரிப்பை விழுங்கிக்கொண்டு யோசித்தான். "மழை விட்டா ஒரு மணி நேரத்துல எறங்கிரும் மேடம். பாறையில எங்கப்பா இடுப்பளவுக்குத் தண்ணிக் கறை இருக்கு, அதுக்கு மேல போனதில்ல."

"அந்த ஒரு மணி நேரம் யாருக்காச்சும் முடியாமப் போச்சுன்னா?" என்று முன்பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்.

"கேட்டியே, அதான் கேள்வி. நடந்து போறதுக்கு ஒசரத்துல ஒரு நடைபாலம் வைக்கணும். எங்க வைக்கலாம்?"

ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். இரண்டு தடவையும் எப்சிபா நினைத்ததெல்லாம் குழாயைப் பெரிசாக்குவதைப் பற்றித்தான். குழாய்தான் வேண்டுமா என்று ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை. சாக்பீஸை வைத்துவிட்டு வராந்தாவுக்கு ஓடி, அசிஸ்டென்ட் இன்ஜினியர் குப்பண்ணனுக்குப் போன் போட்டாள். அவர் கொங்குப் பேச்சு பேசுகிற கொல்லங்கோட்டுக்காரர். திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்.

"ஏனுங்க எப்சிபா, பைல் எங்கீங்க? மணி மூணாகப் போகுதுங்க."

"சார், குழாய் வேணாம் சார். ரோட்டைத் தாழ்த்திக் கான்கிரீட் போட்டு, தண்ணிய மேல விட்டுரலாம்."

"வெளையாடறீங்களாங்க? வார்டு மெம்பர் அடிக்கல்லு வெக்க நாளே பாத்துட்டாரு."

"குழாய் போட்டா வர்ற ஆடியில மறுபடி போயிரும் சார்."

"டிசைனை மாத்தோணும்னா காரணம் எழுதோணுமுங்க. முன்ன கட்டுன ரெண்டும் ஏன் போச்சுன்னு எழுதோணும். யாரு வரைஞ்சதுன்னும் எழுதோணும். எழுதுவீங்களா?"

இதுவரைக்கும் இரண்டு ரிப்போர்ட்டிலும் எப்சிபா 'அதிக மழை' என்றுதான் எழுதியிருந்தாள். மழை வந்து மறுத்துப் பேசப் போவதில்லை.

"எழுதுறேன் சார்."

"மெமோ வந்துதுன்னா எங்கிட்ட வந்து அழுகக் கூடாதுங்க. நாலு மணிக்குள்ள கடுதாசியும் ஒரு கைப்படமும் போனுலயாச்சும் வரோணும்."

ஆசிரியர் அறையில் ஆன்மேரி டீச்சரின் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். முதல் வரி எழுதி அடித்தாள். இரண்டாவது தாளையும் கசக்கினாள். மூன்றாவதில், இந்த இடத்துக்குக் குழாய் ஒத்துவராது என்பதை இரண்டு முறையும் நான் கவனிக்கத் தவறினேன் என்று மலையாளத்தில் எழுதி நிறுத்தினாள். வெளியே கேட்ட ஜீப் சத்தமெல்லாம் தன்னைப் பார்த்துச் சிரிப்பது போலிருந்தது.

வாசலில் கௌமாரி நின்றாள். "மேடம், அந்தப் படம் நான் வரைஞ்சதுன்னு எழுதிருவீங்களா?"

"ஏன், எழுத வேணாமா?"

"இதும் ஓடிப்போச்சுன்னா எங்கப்பாவ லயத்துல இருக்க விடமாட்டாங்க."

எப்சிபா நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளை முகத்தில் விளையாட்டே இல்லை.

"படம் நீ வரைஞ்சதுதான். அளக்கப் போறதும் கணக்குப் போடப் போறதும் நானு. ஓடிப்போனா என்னையத்தான் வைவாங்க. போ, ரிஜினக் கூட்டிட்டு வா, அந்தக் கறை எந்தப் பாறையிலன்னு குறிக்கணும்."

ரிஜின் வந்து குறித்தான். மூன்று ஐம்பத்திரண்டுக்கு எப்சிபா கடுதாசியில் கையெழுத்துப் போட்டாள். கடுதாசியையும் படத்தையும் போனில் பிடித்து அனுப்பினாள். பார்த்துவிட்டதற்கான நீலக் கோடு வந்தது. பதில் வரவில்லை. அறைக்குள் நாலு நடை நடந்தாள். டீச்சர் கொடுத்த டீ ஆறிப்போயிற்று. நாலு ஐந்துக்குப் போன் சிணுங்கியது.

'நாளைக்கு எட்டு மணிக்கு எடத்துல நில்லுங்க. மெம்பரும் வருவார். அவருக்குப் பதில் நீங்கதான் சொல்லோணும்.'

நாளை வரைக்கும் அவளுக்குப் பொறுக்குமா? டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தண்ணீர் ஓடும்போதே அகலத்தை அளந்துவிட வேண்டும். நாலைந்து பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவந்தார்கள்.

"மேடம், நாங்களும் வரவா?"

"கரையிலதான் நிக்கணும். எறங்குனீங்க, காலை ஒடிச்சிருவேன். டேப்போட அந்த முனையப் பிடி கௌமாரி."