மேலே மட்டும் போகிற ‘சாரி’

இன்று காலை துறைமுகத்தில் கிரேன் சங்கிலி நழுவி, ராயபுரத்திலிருந்து என்னோடு வேலைக்கு வரும் ஏழுமலை அண்ணன் காலில் ஒரு பெட்டி விழுந்தது.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். நேரே கப்பல் கம்பெனியின் வெள்ளைக்காரத் துரையிடம் போனார்.

“சாரி சார், வெரி சாரி சார்!”

பெட்டியின் மூலை உடைந்துவிட்டதாம், அதற்கு.

பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, “கண்ண எங்கய்யா வச்சிகினு நின்ன?” என்று கத்தினார்.

ரத்தம் ஒழுகும் காலைப் பிடித்துக்கொண்டு அண்ணன் சொன்னார்: “சாரி சார்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நீ இன்னாத்துக்குண்ணா சாரி சொல்ற?”

“சொல்லலைன்னா நாளைக்கு கேட்டுல கூலிக்கு ஆள் எடுக்கறப்ப என் பேரக் கூப்பிட மாட்டான்டா.”

கிரேன்கூடத் தூக்கியதைக் கீழே இறக்குகிறது. சுதந்திரம் வந்த பிறகும் இந்த வார்த்தை மட்டும் மேலேயே போய்க்கொண்டிருக்கிறது.

ஒருமுறையாவது அது கீழே இறங்கியதைப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்க்கிறேன்.