செய்தி வாசித்த தங்கச்சி

எங்கள் ரப்பர் தோட்டத்துப் பெண்களுக்கு அப்போது நடிகைகளைவிடத் தமிழ்ச் செய்தி வாசிக்கும் பெண்மணிதான் பெரிய ஆள். சாயங்காலம் அவர் திரையில் வந்து வணக்கம் சொன்னதும், அம்மா வெங்காயம் உரித்த கையோடு பதில் வணக்கம் வைப்பார். உலகத்தில் எங்கே குண்டு விழுந்தாலும் தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்தில் பேச்செல்லாம் சேலை பார்டரைப் பற்றித்தான். இரண்டு நாள் அவரைக் காணாவிட்டால், மாசமாக இருக்கிறார் என்று குழாயடியில் முடிவே கட்டிவிடுவார்கள். அம்மாவுக்கு அவர் 'என் தங்கச்சி'. தங்கச்சி கட்டியது மாதிரியே ஒரு நீலச் சேலையைத் தெங்கேராவில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கி வைத்திருந்தார்.

டுரியான் துங்கால் பக்கமிருந்த எங்கள் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள். லயத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. மாற்று வீடு தருவதாக வாயால் சொன்னார்கள், எழுத்தில் ஒன்றுமில்லை. அந்த நேரத்தில்தான் தொலைக்காட்சிக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். மற்றவர்கள் பின்வாங்க, அம்மா உள்ளே ஓடி நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

"இத்தன வருசமா இங்க மரம் சீவுறோம். திடீர்னு போவச் சொன்னா எங்க போறது? வீடு தரேன்னு வாயால சொன்னா பத்தாது லா. சாவி எங்க கையில வரணும், அப்புறந்தான் லயத்த விட்டு எறங்குவோம்!"

மைக் பிடித்தவர் தலையாட்டினார். "தங்கச்சிய கேட்டதா சொல்லுங்க தம்பி" என்று அம்மா அவரை அனுப்பிவைத்தார்.

அன்று சாயங்காலம் நான், வேலை செய்த பத்து பெரண்டாம் ஊர்த் தொழிற்சாலையில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து, செய்தியைப் பதிவு செய்ய வீடியோவில் புது டேப் போட்டு உட்கார்ந்தேன். லயமே எங்கள் வீட்டில்தான் இருந்தது.

"புதிய வீடமைப்புத் திட்டத்தைத் தோட்ட மக்கள் மகிழ்ச்சியுடன் வரவேற்றுள்ளனர்" என்று தங்கச்சி வாசித்தார். திரை முழுக்க அம்மாவின் முகம். வாய் அசைகிறது, சத்தம் இல்லை. கண் மூடித் திறப்பதற்குள் அடுத்த செய்தி. கலைநிகழ்ச்சிக்காக மெட்ராசிலிருந்து வந்து இறங்கிய நடிகர், கழுத்து நிறைய மாலையோடு, தனக்கு எங்கள் ஊர்ச் சாத்தே இறைச்சி எவ்வளவு பிடிக்கும் என்று நிறுத்தி நிதானமாகப் பேசினார். அதில் ஒரு சொல்லைக்கூட வெட்டவில்லை.

"அவனுக்கு மட்டும் வாய் இருக்கா?" என்றார் அம்மா.

யார் காதிலும் விழவில்லை. "யக்கா, டிவியில சூப்பரா இருந்தீங்க!" "சேல அப்படியே அவங்களுது மாதிரியே இருக்கு லா!" நான் மட்டும் யோக்கியமா? "சங்கிலி போட்டிருக்கலாம்மா" என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னையே அறையத் தோன்றுகிறது.

மறுநாள் அம்மா தோட்ட ஆபீசுக்குப் போய் வீட்டைப் பற்றிக் கேட்டபோது, கணக்கெழுதும் கிராணி சிரித்தார். "நீங்கதான் டிவியில சந்தோஷம்னு சொல்லிட்டீங்களே?"

அன்றிலிருந்து தங்கச்சி 'அந்தப் பொம்பள' ஆனார். எழுதிக் கொடுத்ததைத்தானே வாசிக்கிறார் என்று நான் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். "என் மூஞ்சிய அவளுந்தான பாத்திருப்பா? சந்தோசப்படுற மூஞ்சியா அது?" என்றார் அம்மா.

லயத்தை இடித்தார்கள். பத்து பெரண்டாமில் வாடகைக்குப் போனோம். மாற்று வீட்டைப் பற்றி அப்புறம் யாரும் மூச்சு விடவில்லை. நீலச் சேலை வாசல் திரைச்சீலையானது. டேப்பை மட்டும் அம்மா பத்திரமாக வைத்திருந்தார்.

யார் விருந்துக்கு வந்தாலும் அதைப் போடுவார். சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, திரையில் தன் வாய் அசைய அசைய, அன்று சொன்னதை வார்த்தை மாறாமல் சொல்வார். ஆனால் அவர்கள் செய்தியில் காட்டிய துண்டு சின்னது, அம்மாவின் பேச்சு நீளம். பாதியிலேயே திரையில் அம்மா போய் நடிகர் வந்துவிடுவார். "சாவி எங்க கையில வரணும்" என்கிற இடம் ஒவ்வொரு தடவையும் அந்த மாலைக்காரர் வாயில்தான் போய் விழும். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அம்மா மட்டும் கடைசி வார்த்தை வரை சொல்லி முடித்துவிட்டுத்தான் டிவியை அணைப்பார்.