பேர் எழுதாத கசெட்

அப்பா செத்தபோது என்னாலை போக ஏலாமல் போச்சு. எங்களுக்கு அப்ப நிரந்தர விசா இல்லை, ஜெர்மனியை விட்டு வெளிக்கிட்டால் திரும்பி வர விடாங்கள். ஊரிலை செத்தவீட்டை வீடியோ எடுத்து வெளிநாட்டிலை இருக்கிற பிள்ளையளுக்கு அனுப்புறது வழமை. சண்டை நிண்டு ஊருக்குப் பாதை திறந்த பிறகு, இஞ்சை வுப்பர்டால் நகரத்திலை இருந்து போய்வந்த ஒரு அக்கா அந்தக் கசெட்டைக் கொண்டுவந்து தந்தா. அப்பாவின்ர முகத்தைக் கடைசியாப் பாக்க எனக்கு இருந்தது அது ஒண்டுதான்.

உடனை போட்டுப் பாக்கப் பயமாக் கிடந்தது. மேலை பேர் எழுதி ஒட்டவும் மனம் வரேல்லை. டிவிக்குக் கீழை, மகளின்ர கசெட்டுகளுக்குப் பின்னாலை தள்ளி வைச்சிட்டு மாசக்கணக்கா அந்தப் பக்கமே போகேல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிஞ்சு போட்டன். மனுசன் பக்கத்திலை இருந்தார், மகள் நிலத்திலை இருந்து படம் கீறினாள். ஒப்பாரி கேக்கப்போகுது எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு இருக்க, வந்தது கார்ட்டூன் படத்திலை கீறின கடல். ஒரு யப்பான் மீன்பிடிகாரன் ஜெர்மன் கதைச்சுக்கொண்டு ஆமையின்ர முதுகிலை ஏறிக் கடலுக்கடியிலை போறான்.

"ஐ, என்ர படம்" எண்டாள் மகள்.

மனுசன்ர முகம் கறுத்துப்போச்சு. அவள் காய்ச்சலாக் கிடந்த அண்டைக்கு டிவியிலை போன படத்தை, வெறும் கசெட் எண்டு நினைச்சு அவர்தான் இதிலை பதிஞ்சு குடுத்தவராம்.

"பேர் ஒண்டும் இல்லை, நான் என்னத்தைக் கண்டன்? ஏதாவது பேசன்" எண்டார்.

குசினியிலை ஒரு கோப்பை கழுவாமல் கிடந்தாலே வீட்டை ரெண்டாக்கிறவள் நான். அண்டைக்குக் கோபமும் வரேல்லை, அழுகையும் வரேல்லை. மரக்கட்டை மாதிரி இருந்து முழுப் படத்தையும் பாத்தன்.

அந்த மீன்பிடிகாரன் கடலுக்கடி மாளிகையிலை கொஞ்ச நாள்தான் இருந்தவன். திரும்பி வந்தால் ஊரிலை முன்னூறு வருசம் போயிட்டுது. தாய் தேப்பன் இல்லை, வீடும் இல்லை. மாளிகையிலை திறக்காதை எண்டு குடுத்துவிட்ட பெட்டியைத் திறக்கிறான். புகை வருது, கிழவனாப் போறான்.

"பாவம்" எண்டாள் மகள்.

"ஓம்" எண்டன்.

படம் முடிஞ்சு விளம்பரம் பாதியிலை அறுந்துது. திரை ஒருக்கா ஆடிச்சு, பிறகு ஊரிலை எங்கட வீட்டு வளவு. அப்பாவைக் கொண்டுபோயிட்டினம். ஆம்பிளையள் சுடலையாலை வந்து கிணத்தடியிலை குளிக்கினம், ஆரோ கதிரையளை அடுக்கினம். அண்ணை ஈரத்தலையோடை கமெராவுக்குக் கிட்ட வந்தார்.

"தங்கச்சி, அப்பாவின்ர முகத்தை வடிவாப் பாத்தியோ? உனக்காகத்தான் கிட்டப் போய்க் கனநேரம் எடுக்கச் சொன்னனான்."

அதோடை முடிஞ்சுது. மனுசன் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டார்.

பின்னேரம் அண்ணைக்குப் போன் எடுத்தன், இன்னொரு கொப்பி கேப்பம் எண்டு. நான் வாய் திறக்க முன்னம் அவரே கேட்டார்.

"கசெட்டைப் பாத்தியோ? கவனமா வைச்சிரு தங்கச்சி, வீடியோக்காரன் தன்னட்டை இருந்ததை அழிச்சுப்போட்டான். இனி உன்னட்டை இருக்கிறதுதான்."

"ஓம் அண்ணை," எண்டன். "வடிவாப் பாத்தனான்."