கையால் கிளட்ச் பிடிக்கும் ஆம்னி: கைசர்ஸ்லவுட்டர்ன் அருகே ஒரு கார் ஏலம்

இந்த மார்ச்சில் ஒரு வெள்ளி, சனி இரண்டு நாளும், ஜெர்மனியில் நான் இருக்கும் டிரெஸ்டனிலிருந்து கைசர்ஸ்லவுட்டர்ன் பக்கம் நடந்த பழைய கார் ஏலத்துக்குப் போய்வந்தேன். வாங்கத்தான் போனேன், வாங்காமல் திரும்பினேன். அதே மாதிரி ஏலத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு வழியும் செலவும் கீழே இருக்கின்றன. நான் செய்த தப்புகளும் இருக்கின்றன.

அமெரிக்கக் கார் என்றால் பலருக்கு எட்டு சிலிண்டர் வைத்த நீளமான கப்பல்தான் நினைவுக்கு வரும். எனக்குப் பிடித்தவை வேறு. சின்னக் குடும்பக் காரின் உடம்பை எடுத்து, அதற்குள் அளவுக்கு மீறிய எஞ்சினைத் திணித்து, எண்பது தொண்ணூறுகளில் குறைந்த விலைக்கு விற்ற கார்கள். கப்பல் வாங்க வசதியில்லாதவனுக்கும் வேகம் வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். அதனாலேயே சேகரிப்பாளர்கள் இவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பிளாஸ்டிக் மலிவு, கதவு மூடினால் தகர டப்பா சத்தம். வாங்கியவர்கள் ஓட்டித் தீர்த்துவிட்டார்கள், இன்று மிச்சம் இருப்பவை கொஞ்சம்தான்.

அதில் ஒன்று ஆம்னி ஜிஎல்எச். ஆம்னி என்றதும் நம் ஊர் வேனை நினைக்காதீர்கள். பார்க்க ஜெர்மானியர்களின் பழைய கால்ஃப் கார் மாதிரி இருக்கும், ஐந்து கதவு, டர்போ வைத்த 2.2 லிட்டர் எஞ்சின். ஜெர்மனியில் இது கடையில் விற்ற கார் இல்லை. கைசர்ஸ்லவுட்டர்னைச் சுற்றி அமெரிக்கப் படைத்தளங்கள் இருப்பதால், சிப்பாய்கள் கப்பலில் கொண்டுவந்து, ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனவற்றில் ஒன்று எப்போதாவது வெளியே வரும். ஏலப் பட்டியலில் 41-ஆம் எண்ணாக அது இருப்பதைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் இல்லை.

பட்டியலில் ஒரு வரி மட்டும் இடித்தது. 'ஹாண்ட்குப்ளுங் பொருத்தப்பட்டுள்ளது, ஆவணத்தில் பதிவு உண்டு.' ஹாண்ட்குப்ளுங் என்றால் கையால் இயக்கும் கிளட்ச். அதைக் கழற்றி அசல் நிலைக்குக் கொண்டுவந்தால் 'எச்' எண் பலகைக்கு வாய்ப்பு உண்டு என்றும் போட்டிருந்தார்கள். முப்பது வருடம் தாண்டி, அசலாக இருக்கும் வண்டிக்கு இந்த நாடு கலாசாரச் சொத்து என்று மரியாதை செய்து கொடுக்கும் பலகை அது. பலகை வந்தால் விலை இரண்டு மடங்கு. என் நோட்டில் 'குறைகள்' என்று தலைப்புப் போட்டு, முதல் வரியாக அந்தக் கிளட்சை எழுதிக்கொண்டேன். எதிர்ப் பக்கத்தில்: வாங்குவது, கழற்றுவது, பலகை வாங்குவது, விற்பது. என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் கார்த்திக்கும் நானும் போட்ட திட்டம் இதுதான்.

வெள்ளி காலை 6.20-க்கு டிரெஸ்டனில் ரயில். முன்கூட்டி எடுத்ததால் பிராங்பேர்ட் வரை 34.90 யூரோ, நாலரை மணி நேரம். அங்கிருந்து மான்ஹைமில் மாறி கைசர்ஸ்லவுட்டர்னுக்கு இரண்டு மணி நேரம். இந்தப் பகுதிக்கு உள்ளூர் ரயில்களுக்கான மாதச் சீட்டே போதும். அங்கே பென்ஷன் எனப்படும் சிறு விடுதியில் ஓர் இரவு 52 யூரோ, சூடு குறைவு, காலை ரொட்டி நிறைய. ஏலக் கூடம் 14 கிலோமீட்டர் தள்ளி, ஒரு மூடப்பட்ட ஷூ தொழிற்சாலையில். பேருந்து 35 நிமிடம். வெள்ளிக்கிழமை மணிக்கு ஒன்று வரும். சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஒன்று, கடைசி வண்டி 15.10-க்கு. கார் இல்லாதவன் கார் வாங்க வருவான் என்று அந்த ஊரில் யாருக்கும் தோன்றவில்லை போல.

வெள்ளிக்கிழமை பார்வை நாள். கூடத்துக்கு வெளியே, கை விறைக்கும் குளிரில், நாலு பேர் சக்கரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேரும் என் நிறம். உள்ளே வாங்க வந்தவர்களில் அந்த நிறத்தில் நான் ஒருவன்தான். வாசல் ஆள் என்னைப் பார்த்து வாளி இருக்கும் பக்கம் கையைக் காட்டினான். நுழைவுச் சீட்டை அவன் மூக்கு வரை நீட்டிவிட்டு உள்ளே போனேன்.

41-ஆம் எண் பின்வரிசையில் நின்றது. கறுப்பு, கூரையில் சாயம் மங்கியிருந்தது, அடிப்பக்கம் துரு குறைவு. சாம்பல் தொப்பி போட்ட ஒருவர் பானெட்டைத் திறந்து எஞ்சினை மட்டும் படம் எடுத்துக்கொண்டிருந்தார். தன்னிடம் இதே மாதிரி ஒன்று எஞ்சின் இல்லாமல் நிற்பதாகவும், இதன் எஞ்சினையும் கியர்பெட்டியையும் பிடுங்கிக்கொண்டு உடம்பைப் பழைய இரும்புக்குப் போடப்போவதாகவும் கேட்காமலே சொன்னார். அவர் போனதும் பேக்கரிக்காரர் மாதிரி வெள்ளைக் கால்சட்டை போட்ட ஒருவர் வந்தார். பானெட்டைத் தொடவே இல்லை. ஓட்டுநர் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வண்டி தெரியாத ஆள் என்று முடிவு கட்டினேன்.

என் முறை வந்தது. கியர் தண்டில் பைக் பிரேக் மாதிரி ஒரு நீண்ட பிடி. அதிலிருந்து கேபிள் கீழே ஒரு சின்ன உலோகப் பெட்டிக்கும், அங்கிருந்து கிளட்ச் பெடலுக்கும் போனது. கார்த்திக்கைப் போனில் கூப்பிட்டேன். இந்த நாட்டில் நமக்கெல்லாம் ஒரு தைரியம் உண்டே, தமிழில் பேசினால் ஒருவனுக்கும் புரியாது என்று.

"மச்சி, எவனோ ஒரு மடையன் கியர்ல பைக் பிடிய மாட்டி வண்டியையே நாசம் பண்ணி வச்சிருக்கான்டா."

"மடையன் இல்லைத் தம்பி. மடைச்சி. அது நான்தான்."

திரும்பினேன். அறுபது வயதுக்குக் கிட்ட ஒரு பெண். நீலக் குளிர்ச்சட்டை, கையில் ஊன்றுகோல்.

"என்ன, முகம் கறுத்துப் போச்சு? நான் அடிக்கமாட்டன். போனை வையுங்கோ, பாவம் அந்தப் பெடியன் அலோ அலோ எண்டு கத்துறான்."

பெயர் சாந்தி. சாந்தி அக்கா. அன்று ஐந்து மணிப் பேருந்தை அவர் பேச்சில் விட்டேன். "ஏறுங்கோ, நான் கொண்டுபோய் விடுறன். திட்டினதுக்குத் தண்டனை, வழியெல்லாம் என்ர கதை கேக்கோணும்" என்று தன் புது மின்சாரக் காரில் ஏற்றிக்கொண்டார். அது ஆட்டோமாட்டிக்.

"ஷோனெஃபெல்ட் எயார்போட்டில வந்து இறங்கேக்க என்னட்ட ஒரு பையும் ஒண்டரைக் காலும்தான்" என்று தொடங்கினார். பத்தொன்பது வயதில், யாழ்ப்பாணத்தில், ஷெல் துண்டு. இடது முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கிழக்கு பெர்லினில் இறங்கி, மேற்கே வந்து, அகதி விண்ணப்பம் போட்டு, இந்தப் பக்கம் அனுப்பப்பட்டு, பிறகு அமெரிக்கத் தளத்தின் சலவைக்கூடத்தில் வேலை. ஊர் திரும்பிய ஒரு சார்ஜண்ட் விற்ற கார் அது.

"கிளட்ச் மிதிக்க முடியாதுன்னு தெரிஞ்சும் வாங்கினீங்களா?"

"கண்டிட்டன், பிடிச்சுது, வாங்கிட்டன். உங்களுக்கு மட்டும்தான் கார்ப்பைத்தியம் வருமோ? லைசன்ஸுக்குப் போனா ஆட்டோமாட்டிக் மட்டும் ஓடலாம் எண்டு எழுதித்தரப் பார்த்தாங்கள். மூண்டு தரம் அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், எழுதிப் போட்டன். மூண்டாந்தரம் டெர்மின் எண்டு நாள் குறிச்சுக் கூப்பிடேக்க பிடியைப் பூட்டின காரையே கொண்டுபோய் வாசலில விட்டன். ஓடிக் காட்டினன். அந்த ஒபிசர் எழும்பி நிண்டு கையெழுத்து வைச்சான்."

எனக்குக் கொதித்தது. விசா நீட்டிக்க டிரெஸ்டனில் காலை ஐந்து மணிக்கு வரிசையில் நின்றவன் நான். சொன்னேன்: "இந்த நாட்டைப் பாருங்கக்கா. கார் மாறாம அப்படியே இருந்தா கலாசாரச் சொத்து. நாம மட்டும் மாறிக்கிட்டே இருக்கணும். மாறினாலும் எந்த ஊருன்னு கேப்பாங்க."

"ஓம் ஓம், நல்ல கதை. ஆனா தம்பி, அந்தப் பிடி நாலு போல்ட். ரெண்டு மணித்தியாலத்தில கழட்டலாம். அதுக்குள்ள நாட்டை ஏன் வைக்கிறீங்கள்?"

ஏன் விற்கிறார் என்று கேட்டேன். வலது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் காட்டினார். விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. பிடியை அழுத்த முடியவில்லை. "இது தானாப் போகுது. நான் பஸ்ஸில இருக்கிற மாதிரிச் சும்மா இருக்கிறன்" என்றார். விடுதி வாசலில் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அந்தத் தொப்பிக்காரன் உடைக்கத்தான் கேக்கிறான். மூவாயிரம் எண்டு குறைஞ்ச விலை எழுதிக் குடுத்திட்டன், இனி மாத்தேலாது. நீங்கள் எடுத்தா ஓடுவீங்களோ?"

"ஓட்டுவேன்க்கா."

"அந்தப் பிடி?"

"அப்படியே இருக்கும்."

இரண்டும் பொய். அதிகாரியையும் நாட்டையும் அவ்வளவு நேரம் திட்டிய வாய்தான் இதையும் சொன்னது. அன்றிரவு ரொட்டி தின்றுகொண்டே யோசித்தேன். பிடியைக் கழற்றாமல் வைத்துக்கொள்ளலாம், கண்காட்சிகளுக்குக் கொண்டுபோய் அதன் கதையைச் சொல்லலாம் என்று தோன்றியது. பெரிய மனது வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை 11 மணிக்கு ஏலம். எனக்கு 58 என்று எண் அட்டை கொடுத்தார்கள். 41-ஆம் எண் வர 13.20 ஆனது. என்னிடம் இருந்தது 4,600 யூரோ. வென்ற விலையின் மேல் பதினைந்து சதவீதம் ஏலக் கமிஷன், எனவே நான் நாலாயிரத்தில் நிற்க வேண்டும். அக்கா இரண்டாம் வரிசையில் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

இரண்டாயிரத்தில் தொடங்கியது. தொப்பிக்காரரும் நானும் மாறி மாறிக் கேட்டோம். அவர் 3,400, நான் 3,500. அதோடு அவர் அட்டையை மடியில் போட்டார். அக்கா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். பின்னால் ஒரு குரல் 3,600. நேற்றைய வெள்ளைக் கால்சட்டைக்காரர். ஏலக்காரர் தன்னைப் பார்க்கட்டும் என்று எழுந்து நடைபாதையில் முன்னால் வந்தார். இடது கால் முழங்காலில் மடியவில்லை. கால்சட்டைக்குக் கீழே ஷூவுக்கு மேல் உலோகம் தெரிந்தது.

அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. அவர் ஏன் பானெட்டைத் திறக்கவில்லை, இருக்கையில் அவ்வளவு நேரம் எதைப் பிடித்துப் பார்த்தார் என்று.

புரிந்தபிறகும் கை தூக்கினேன். 3,700. அவர் 3,800. நான் 3,900. அவர் 4,000. அதற்கு மேல் என்னிடம் இல்லை, அதனால் நின்றேன். மனது மாறி நின்றேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் அது நடக்கவில்லை. அவர் 3,600-க்கு எடுத்திருப்பார். நான் வைத்த செலவு நானூறு, கமிஷனோடு நானூற்று அறுபது.

பணம் கட்டி முடித்து அவர் முற்றத்துக்கு வந்தார். அவருக்குக் கிடங்கு வேலையில் ஃபோர்க்லிப்ட் மேலே ஏறியதில் கால் போனது. நாம் ஆர்டர் செய்யும் பெட்டிகளை அடுக்கும் அதே மாதிரிக் கிடங்கு. இப்போது பேக்கரியில் இருக்கிறார். ஆட்டோமாட்டிக் வாங்கலாமே என்று ஏல ஆள் ஒருவன் கேட்டான். "அதில் போய்ச் சேரலாம். எனக்கு ஓட்ட வேண்டும்" என்றார். இரண்டு வருடமாக வாரம்தோறும் கார் தளங்களில் ஒரே சொல்லைத் தட்டித் தேடியிருக்கிறார். ஹாண்ட்குப்ளுங்.

அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார, அக்கா பக்கத்து இருக்கையில் ஏறினார். இரண்டு முறை எஞ்சின் நின்றது. மூன்றாம் முறை அக்கா வீங்கிய தன் கையை அவர் கையின் மேல் வைத்தார். ஜெர்மனில் சொல்லிக்கொண்டிருந்தவர் அவசரத்தில் தமிழுக்கு வந்துவிட்டார். "விடுங்கோ. மெல்ல. மெல்ல விடுங்கோ." அந்த மனிதர் மெல்ல விட்டார். ஆம்னி ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்து, டர்போ சீறி, முற்றத்தை நாலு சுற்றுச் சுற்றியது. சக்கரம் துடைத்த நாலு பேரும் வாளியை வைத்துவிட்டுக் கை தட்டினார்கள்.

இறங்கி வந்த அக்காவிடம் பொய்யை ஒத்துக்கொண்டேன். விற்கத்தான் வந்தேன், பிடியைக் கழற்றத்தான் வந்தேன் என்று.

"தெரியும். நோட்டைத் திறந்தபடி கார்க் கூரையில வைச்சிட்டல்லோ போன் கதைச்சீங்கள். தமிழ் எனக்கு வாசிக்கவும் தெரியும்." சிரித்தார். "ஆனா எனக்கு நானூறு யூரோ கூட எடுத்துத் தந்திட்டீங்கள். வாங்கோ, கோப்பி குடிப்பம். என்ர காசில."

15.10 பேருந்தை அப்படித்தான் விட்டேன். டாக்சி 38 யூரோ.

போக நினைப்பவர்களுக்கு. ரயில், விடுதி, டாக்சி, சாப்பாடு எல்லாம் சேர்த்து, திரும்பும் வழியையும் கூட்டி, எனக்கு 214 யூரோ ஆனது. சனிக்கிழமை பேருந்தை நம்பாதீர்கள். கமிஷனைக் கழித்துவிட்டு உங்கள் உச்ச விலையை உள்ளங்கையில் எழுதிக்கொள்ளுங்கள். ஆவணத்தில் பதிவான மாற்றமா, பதிவில்லாததா என்று பட்டியலில் பாருங்கள், பதிவில்லாததைத் தொடாதீர்கள். தமிழில் யாரையும் திட்டாதீர்கள்.

பார்வை நாளில், பானெட்டைத் திறக்காமல் இருக்கையில் நெடுநேரம் உட்கார்ந்திருப்பவரைக் கவனியுங்கள். அவரோடு போட்டிக்குக் கை தூக்கும் முன், அந்தக் கார் உங்களுக்கு எதற்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை. என் நோட்டில் 'குறைகள்' என்ற தலைப்பின் கீழ் முதல் வரி இன்னும் அப்படியே இருக்கிறது. கோடு போட்டு அடிக்கவில்லை, குறை யாருடையது என்று நினைவிருக்க அடுத்த ஏலத்துக்கும் அதே நோட்டைத்தான் கொண்டுபோவேன்.