லாரிக்குப் போகிற பழம்

காலை ஒன்பதே காலுக்கு மகள் வாந்தி எடுக்கத் தொடங்குகிறாள். கம்பம் பக்கத்துக் கூடலூரைத் தாண்டி, சாலையோரத் திராட்சைத் தோட்டத்தில் காரை நிறுத்தியிருந்தோம். லாரிக்காகப் பறித்துக்கொண்டிருந்த தோட்டக்காரர் ஆசையாகக் கொடுத்த குலையைக் கழுவாமலே தின்றுவிட்டாள். சென்னையில் அவளுடைய பள்ளி டப்பாவில் நான் வைத்தனுப்பும் அதே பன்னீர் திராட்சை.

“என்ன மருந்து அடிச்சீங்க?” என்று கத்துகிறேன்.

“பேரெல்லாம் தெரியாது சார். பூச்சிமருந்துக் கடைக்காரரு கலந்து குடுத்தாக, நேத்து அடிச்சேன். போன் போட்டுட்டேன், மருந்துப் புட்டியோட இந்தா வந்துருவாக.”

ஆத்திரமாக வருகிறது. பயிருக்கு என்ன நோய், எவ்வளவு விஷம் என்பதை விற்கிறவரே முடிவு செய்கிறார். அது மண்ணில் இறங்கி வாய்க்காலில் கலக்கிறது. கேட்க ஓர் அதிகாரி இல்லை. பழம் மினுங்காவிட்டால் நகரத்தில் நாங்களும் வாங்குவதில்லை.

மகளின் கை சில்லிட்டு வியர்க்கிறது. ஒருவழியாகக் கடைக்காரர் மொபெட்டில் வந்து, மருந்துப் புட்டியை என்னிடம் நீட்டுகிறார்.

“வெரசா கம்பம் ஆஸ்பத்திரிக்குப் போங்க, டாக்டர்ட்ட இதக் காட்டுங்க.”

பிறகு தோட்டக்காரரிடம் சீறுகிறார்:

“ஏய்யா, இது மெட்ராசுக்குப் போற பழம்ல? ஒன் வீட்டுப் பிள்ளைகளுக்குன்னு மருந்தடிக்காம ஒரு கொடி விட்டுருக்கேல்ல, அதுல பறிச்சுக் குடுக்க வேண்டியதுதான?”