காய்ந்த நாயும் ஏறாத மலையும்

போன ஞாயிறு விடிந்ததும் எனக்கு ஒரே வேலைதான். ஒரு நாயின் மேல் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வது.

சிரிக்காதீர்கள். எங்கள் ஊர் மருதமுனையில் நாய் வைத்திருக்கும் முஸ்லிம்கள் என்னைத் தவிர எத்தனை பேர் இருப்பார்கள்? அதுவும் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, என்று கொண்டுவந்ததுதான். வயல் காவலுக்கு நாய் வைத்திருக்க மார்க்கத்தில் இடம் உண்டு. ஆனால் கறுவலுக்கு — நிறத்தைப் பார்த்து வைத்த பெயர் — வயல் பிடிக்கவில்லை. இரண்டு முறை கொண்டுபோய் விட்டேன். இரண்டு முறையும் நான் சைக்கிளில் திரும்பி வருவதற்குள் அது எங்கள் வேலியடியில் படுத்திருந்தது.

பிறகென்ன... வேலிக்கு உள்ளே நாங்கள், வெளியே அது. விடியலில் ஸுபஹு தொழுதுவிட்டு இருவரும் கடற்கரைக்கு நடப்போம். எதிரே வருகிறவர்கள் ஸலாம் சொன்ன கையோடு கேட்பது என் சுகத்தை அல்ல.

"நாய் காய்ஞ்சிருக்கா?"

நியாயமான கேள்விதான். காய்ந்த நாய் காய்ந்த உடுப்பில் பட்டால் பாதகமில்லை. ஈரமாக இருந்தால்தான் வினை. பட்ட இடத்தை ஏழு தரம் கழுவ வேண்டும். அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால். இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் கறுவல். தண்ணீரைக் கண்டால் அதற்குப் பெருநாள்.

அதற்கு முந்தின கிழமை கடலில் விழுந்து எழும்பி வந்து, அடுத்த வீட்டுக்காரர் உடுப்புக் காயப்போட்ட கொடிக்குக் கீழே நின்று உடம்பைச் சிலுப்பிவிட்டது. ஒரு கொடி உடுப்பு... ஏழு தரம்! என் மனைவி ஸபியாதான் போய் நின்று கழுவிக் கொடுத்தாள். திரும்பி வந்தவள் சத்தம் போடவில்லை. அதுதான் பயம்.

"இன்னொரு முறைப்பாடு வந்தா வட்டைக்குத்தான். இந்த முறை சங்கிலியோட."

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாய்க்காகவா என்று கேட்பீர்கள். ஓம், ஒரு நாய்க்காகத்தான். விடியற்காலையில் என்னைக் கண்டதும் வாலோடு சேர்ந்து உடம்பையும் ஆட்டுகிற சீவன் எனக்கு வேறு எது இருக்கிறது?

இந்த நேரத்தில்தான் மலைப் பயணம் வந்து சேர்ந்தது.

என் மச்சான் லத்தீப், யூசுப் மாஸ்டர், நான் — மூவருக்கும் பொழுதுபோக்கு மலையேற்றம். இதுவரை ஒரு மலையிலும் ஏறியதில்லை என்பது வேறு விஷயம். பின்னேரங்களில் தேத்தண்ணிக் கடையில் மேப்பை விரித்துவைத்துத் திட்டம் போடுவோம். கோப்பை வைத்த கறையைக் குளம் என்று நினைத்து மாஸ்டர் ஒரு நாள் பாதையையே மாற்றிவிட்டார். இம்முறை இறக்காமம் குளத்துக்கு அப்பாலுள்ள மலை. நாள் குறித்து, காரும் பிடித்தாயிற்று.

நாயைத் தனியாக மேய்க்கத் தன்னால் முடியாது, அதையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள் ஸபியா. கூடவே ஒரு நிபந்தனை. லத்தீப் மச்சான் அவளுடைய காக்கா, கூடப்பிறந்த அண்ணன். கஞ்சி போட்ட வெள்ளைச் சாறனில் ஒரு சுருக்கு விழுந்தாலே மாற்றிக்கொண்டு வருகிற மனிதர். அவர் உடுப்பில் ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் நாளைக்கே வட்டை.

ஆகவேதான் அந்தக் காவல். அன்று கடற்கரை கிடையாது. கிணற்றடிக்கும் தடை. காரின் டிக்கியைப் பாதி திறந்து கயிற்றால் கட்டி, கறுவலை உள்ளே ஏற்றினோம். வழி முழுக்க முனகிக்கொண்டே வந்தது.

இறக்காமம் குளக்கட்டில் கார் நின்றது. மச்சான் இறங்கி மலையைப் பார்த்து, "ஏறலாம் போல இரிக்கி" என்றார். நான் டிக்கிக் கயிற்றை அவிழ்த்தேன்.

கறுவல் மலையைப் பார்க்கவேயில்லை. அவ்வளவு பெரிய தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மலையைப் பார்க்க அதற்கென்ன பைத்தியமா? ஒரே பாய்ச்சல். ஆசை தீர நீந்தியது. பிறகு நேராக ஓடிவந்து, நாங்கள் மூவரும் நின்ற இடத்துக்கு நடுவில் நின்று — சிலுப்பியது.

மச்சானின் சாறனிலிருந்து தாடி வரைக்கும் புள்ளி புள்ளியாகத் தண்ணீர். என் வாயில் ஈரமில்லை. சங்கிலிச் சத்தம் காதில் கேட்டது.

மச்சான் குனிந்து சாறனைப் பார்த்தார். குளத்தைப் பார்த்தார். "ஏழு தரம். இறங்குங்க" என்றார்.

இறங்கினோம். கரைச் சேற்றை அள்ளிப் பூசினோம், அலசினோம். மூன்றாம் தரத்தில் யூசுப் மாஸ்டர் வழுக்கி, தொப்பியோடு உள்ளே போய்விட்டார். எழும்பியபோது தலையில் ஒரு தாமரைக் கொடி. மச்சான் சிரித்தார் பாருங்கள்... அவர் தங்கையைக் கட்டி இத்தனை வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

"எண்ணிக்கை விட்டுப்போச்சி. மறுகா ஒண்டுல இருந்து" என்றார்.

மறுபடி ஒன்றிலிருந்து. ஐந்தில் மாஸ்டர் மச்சானின் முகத்தில் தண்ணீர் அடிக்க, எண்ணிக்கை மீண்டும் தவறியது. அடுத்த முறை தவறவிட்டது மச்சானேதான். வேண்டுமென்றுதான் தவறவிட்டார் என்று இன்றும் நம்புகிறேன். மார்க்க விஷயத்தில் சந்தேகம் கூடாதே!

பேணுதலாகக் கழுவி முடிக்க மதியமாகிவிட்டது. லுஹர் தொழுது, காருக்குள் பத்திரமாக இருந்த சோற்றுப் பார்சலை அவிழ்த்தோம். கறுவல் தூரத்தில் படுத்து நல்ல பிள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர், பொழுது சாய்ந்தால் யானை இறங்கும், வேளைக்குப் போங்கள் என்றார். அவர் சொல் கேட்டுத் திரும்பினோம்.

வாசலில் ஸபியா நின்றாள். காக்காவின் சாறன் மண் நிறத்தில் இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள்.

"நாய் பட்டதா காக்கா?"

லத்தீப் மச்சான் பொய் சொல்லமாட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"ஓம், பட்டது. கழுவியாச்சி" என்றார். கூடவே, "வாற ஞாயிறும் போறம். கறுவல் வராட்டி நான் வரமாட்டன்."

ஸபியா அவரையும் வேலியடியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "அப்ப ஆளுக்கு ஒரு சாறன் கூடுதலா எடுத்துக்கொண்டு போங்க" என்றாள்.

மலையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.